ஒன்று முந்நூற்று எண்பது

ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய்க் கடைக்கு விடுமுறை.
சாவி என்னிடம்தான் இருக்கும்.
ஷட்டரை இடுப்பளவு தூக்கி, குனிந்து நுழைந்து
மூன்று கூடாரங்களையும்
தராசில் ஏற்றினேன்.

மதுரையில் வாடகைக்கு எடுத்தவை இரண்டு.
கம்பத்து ஜோயல் கொடுத்தது ஒன்று.
"ஜிப்பை மட்டும் வெடுக்குனு இழுத்துராதீங்க அக்கா."

பச்சை, இரண்டு நூற்றிப்பத்து.
சாம்பல், ஒன்று எழுநூற்று ஐம்பது.
ஜோயலின் ஆரஞ்சு, பையை நீக்கி,
ஒன்று முந்நூற்று எண்பது.
அட்டையில் அச்சடித்த எடையை நான் நம்புவதில்லை.
பதினோரு வருஷமாகச்
சாக்கு எடை கழித்தே பேசிப் பழகிய வாய்.

என் முட்டிகளுக்கு நாற்பத்திரண்டு வயது.
மற்றதெல்லாம் இன்னும் முப்பத்தைந்தில் நிற்கிறது.
ஆகவே கிராமுக்குக் கிராம் பேரம்.

போன மார்கழியில், மெட்டுக்கு மேலே,
முளை இறங்காத பாறையில்
ராத்திரி ஏழரை வரை
கல்லால் கல்லை அடித்துக்கொண்டிருந்தேன்.
நான்கு முளைகளும் நான்கு விதமாக வளைந்தன.
பிறகு கூடாரத்தைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு
போடியின் விளக்குகளை எண்ணினேன்,
ஒவ்வொன்றாக அணையும் வரை.
அடுத்து வாங்குவது
தானே நிற்கிற ஜாதியாக இருக்க வேண்டும்.

மதுரைக் கடைக்காரர் நல்ல மனுஷர்.
"ரெண்டு பேர் படுக்கிறதா எடுங்க மேடம்,
நானூறு கிராம்தான் கூட.
யாராச்சும் வந்தா?"

நானூறு கிராம் எனக்குத் தெரியும்.
எட்டு மில்லி காய் என்றால்
ஒரு முறத்தில் பச்சையாகப் பரவும்.
நல்ல ஏலத்தன்று ஆயிரத்தைத் தொடும்.
அவ்வளவையும் முதுகில் ஏற்றி
அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே தூக்கிப்போக
அந்த யாராச்சும் யார்?
பெயராவது சொல்லுங்கள்.

தை இரண்டாம் சனி. அதே பாறை.
பெருக்கல் குறி போல இரண்டு கம்பி,
கொக்கிகள் ஒவ்வொன்றும் டக் டக்.
நான்கே நிமிஷம். நின்றது.
முளை இல்லை, கயிறு இல்லை.
சுற்றி யாரும் இல்லாததால்
நானே கைதட்டிக்கொண்டேன்.
தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினேன்.

ஏறி வந்தபோது
பாறை இருந்தது.

மேற்குச் சரிவில்
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று
உருண்டு, எழுந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி உருண்டு
கேரளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது,
செக்போஸ்ட் இல்லாத வழியாக.

ஏலச்செடிகளுக்கு நடுவே
எஸ்டேட் காவல்காரர் குஞ்ஞுவர்க்கி
அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
மப்ளர் சுற்றிய தலையை உள்ளே விட்டு
டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்.
"உள்ளில் ஆரும் இல்லல்லோ!"
"தண்ணி எடுக்கப் போயிருந்தேன்."
"ஒற்றைக்கோ?"
"ஒத்தைக்குத்தான்."
அந்தச் சொல் மட்டும்
எல்லையில் நிற்காமல் அந்தப் பக்கமும் போனது.

தானே நிற்கும் என்றார்கள்.
நின்ற இடத்திலேயே இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.
வாசிக்கும்போது நான்தான்
ஒரு வரி கூடுதலாக வாசித்திருக்கிறேன்.

இந்த முறை நான்கு மூலையிலும் கல்,
நடுவில் மூட்டை,
மூட்டைக்குப் பக்கத்தில் நான்.
ஐம்பத்தெட்டு கிலோ, இரவு முழுக்கக் காற்றுக்கு எதிராக.
முழங்கை நீட்டினால் துணி, எழுந்து உட்கார்ந்தால் உச்சியில் துணி.
என் மூச்சே நீராகித்
துணியிலிருந்து நெற்றியில் சொட்டியது.
தூங்கினேனா தெரியவில்லை.
விடியும்போது செருப்பில் ஒரு தவளை இருந்தது.

தரையில், ஏலத்தட்டை கிழித்த இடம்,
இரண்டு விரல் நீளம்.
முதலுதவிப் பையிலிருந்து பிளாஸ்டர் போட்டேன்,
முட்டிக்குப் போடுவது போலவே.
சிக்னல் கிடைத்த வளைவில் கம்பத்துக்கு ஃபோன்.
"ஜோயல், ஜிப் நல்லா இருக்கு."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"வேற என்ன ஆச்சு அக்கா?"
"எவ்வளவுக்குத் தருவே, சொல்லு."

திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்
மறுபடி தராசில் வைத்தேன்.
ஒன்று முந்நூற்று எண்பத்தி நான்கு.
பிளாஸ்டர் இரண்டு கிராம் இருக்கும்.
மீதி இரண்டு என்னவென்று
உதறிப் பார்க்கவில்லை.